எண்ணெய் எந்தக் கரைக்கு, எத்தனை மணிக்கு?

"அக்கா, எண்ணெய் எங்க போகுது?" மும்பைத் துறைமுகத்தில் ஒரு பார்ஜ் ஓட்டையாகிவிட்டது என்று செய்தி வந்த கால் மணி நேரத்துக்குள், சிவ்ரி கிடங்கில் எண்ணெயைத் தடுக்கும் மிதவையான பூம் சுருளை லாரியில் ஏற்றிக்கொண்டே தாராவிப் பையன்கள் என்னிடம் கேட்கிற கேள்வி இது. அவர்களுக்கு வண்ண வரைபடம் வேண்டாம். எந்த இடத்துக்கு, எத்தனை மணிக்கு என்று சொன்னால் போதும். அந்தப் பதிலைப் பென்சிலும் தாளும் வைத்து முதல் ஒரு மணி நேரத்துக்குள் எப்படிச் சொல்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடல் மாசு அகற்றும் ஒரு தனியார் நிறுவனத்தில் பதினாறு வருடமாக இதே வேலை. புதிதாகச் சேரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிச் சொல்லிப் பழகியதை முதல் முறையாக எழுத்தில் வைக்கிறேன்.

சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கடல் நீரோட்டத்தை எங்கள் ஊரில் நீவாடு என்பார்கள். வலை விடுவதற்கு முன்னால் அப்பா கல் கட்டிய கயிறு ஒன்றைத் தொங்கவிட்டு, அது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று பார்ப்பார். மேலே காற்று ஒரு பக்கம் தள்ளும், கீழே நீவாடு வேறு பக்கம் இழுக்கும், இரண்டையும் கூட்டித்தான் வலையை விட வேண்டும் என்பார். எண்ணெய்க்கும் கணக்கு அதேதான். ஒரு வித்தியாசம் உண்டு. எண்ணெய் மேற்பரப்பில் மிதப்பதால் நீரோட்டம் அதை முழுசாகத் தூக்கிப் போகும். காற்று தன் வேகத்தில் ஏறத்தாழ நூற்றில் மூன்று பங்கை அதன்மேல் ஏற்றிவிடும். இந்த இரண்டையும் திசையோடு கூட்டினால் எண்ணெயின் பாதை வந்துவிடும்.

முதலில் கேட்டு எழுத வேண்டியவை

செய்தி சொல்பவர் பதற்றத்தில் இருப்பார். அவரைப் பேசவிட்டு, நடுவில் இவற்றை மட்டும் பிடுங்கி எழுதுங்கள்: அட்சரேகை, தீர்க்கரேகை, கசிவு தொடங்கிய நேரம் (செய்தி வந்த நேரம் இல்லை), என்ன எண்ணெய், இன்னும் ஒழுகுகிறதா, நின்றுவிட்டதா, அங்கே இப்போது காற்று எப்படி. எவ்வளவு கொட்டியது என்றும் கேளுங்கள், ஆனால் முதல் பதிலை நம்பி ஆள் எண்ணிக்கையைக் குறைத்துவிடாதீர்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, பெரிதாக எண்ணெய் கசியவில்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. சில நாட்களில் மெரினா, திருவான்மியூர் வரை கரை கறுத்தது. இளைஞர்களும் மீனவர்களும் வாளியில் அள்ளினார்கள்.

எண்ணெயின் வகை முக்கியம். டீசல் என்றால் நம் வெயிலில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும். கப்பல் எரிபொருளான ஃபர்னஸ் ஆயில் போகாது. அலையில் அடிபட்டுத் தண்ணீரைக் குடித்துப் பழுப்புக் களியாக மாறும், பருமன் மூன்று நான்கு மடங்கு பெருகும். ஒரு டன் கொட்டியதற்கு மூன்று டன் அள்ள வேண்டியிருக்கும் என்று கூலிக் கணக்குப் போடுகிறவரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மும்பையில் ஏற்றவற்றம்தான் எஜமான்

சென்னையில் இந்த வேலையைப் பழகிவிட்டு இங்கே வருபவர்கள் தடுமாறும் இடம் இது. சென்னையில் கடல் ஏறி இறங்குவது பௌர்ணமிக்குக்கூட ஒரு மீட்டர் அளவுதான். அங்கே காற்றும் கரையோர நீரோட்டமும் முடிவு செய்யும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அத்தனை தண்ணீரும் கொலாபாவுக்குத் தெற்கே உள்ள வாய் வழியாகத் தாணே கழிமுகம், பன்வேல் கழிமுகம் வரை போய்த் திரும்ப வேண்டும். ஏறும்போது வடகிழக்கே ஓடும், வற்றும்போது தென்மேற்கே. மும்பையின் மீனவச் சமூகமான கோலிகள் ஏற்றத்தை பர்த்தி என்பார்கள், வற்றத்தை ஓஹோட்டி. ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும் பெருநீர் நாட்கள் உதாண், அது குறைவாக இருக்கும் நாட்கள் பாங். இந்த நாலு சொல்லும் தெரியாமல் பாவுச்சா தக்கா படகுத்துறையில் ஒரு தண்டேலிடம் (படகுத் தலைவரிடம்) பேச முடியாது. எனக்குத் தெரிந்த மராத்தி அங்கேதான் தொடங்கியது.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு வழி: மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் முழு ஏற்றம் நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் வரும். பிறகு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். நாள்காட்டியில் திதி பார்த்தாலே அரை மணி, ஒரு மணி வித்தியாசத்தில் சொல்லிவிடலாம். வேலைக்கு அது போதாது. இந்திய சர்வே துறை வெளியிடும் ஓத (ஏற்றவற்ற) அட்டவணையில் மும்பைக்கான அப்பல்லோ பந்தர் பக்கத்தை எடுத்து அன்றைய நான்கு நேரங்களையும் தாளின் தலையில் எழுதுங்கள்.

அட்டவணை உயரத்தைத்தான் சொல்லும். ஓட்டத்தின் வேகத்தைக் மாலுமிகளின் கடல் வரைபடமான சார்ட்டில் அந்த இடத்துக்குக் கொடுத்திருக்கும் ஓட்டக் குறிப்பிலிருந்து எடுக்க வேண்டும். உச்ச வேகம் தெரிந்துவிட்டால் மீதிக்கு மாலுமிகளின் பழைய விதி ஒன்று இருக்கிறது. வற்றம் முடிந்து ஒரு மணி நேரத்தில் ஓட்டம் உச்சத்தின் பாதியை எட்டும். இரண்டாம் மணியில் பத்தில் ஒன்பது. மூன்றாம் மணியில் முழுசு. நான்காவதில் மறுபடி பத்தில் ஒன்பது, ஐந்தாவதில் பாதி, ஆறாவதில் நின்றுபோகும். பிறகு எதிர்த்திசை.

காற்றின் பெயரில் இருக்கும் பொறி

காற்றுக்கு அது வரும் திசையைச் சொல்வோம், நீரோட்டத்துக்கு அது போகும் திசையை. வாடை வடக்கிலிருந்து வருவது, கச்சான் மேற்கிலிருந்து வருவது. தமிழ்ப் பெயர்களிலேயே இது இருக்கிறது. ஆனால் அவசரத்தில், எண்ணாக எழுதும்போது கை தவறும். எனக்குத் தவறியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு ஆகஸ்ட் காலை, 240 பாகையிலிருந்து வீசிய காற்றை 240 பாகையை நோக்கிப் போவதாகக் கூட்டினேன். எண்ணெய் வெளிக்கடலுக்குப் போகிறது என்று தாளில் வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. படகுகளைப் பாதி வழியில் நிறுத்திவைத்தோம். இரண்டு மணி நேரம் கழித்து துறைமுகத்தின் கிழக்குக் கரையில் உள்ள உரண் பக்கத்திலிருந்து ஒரு மீனவர் போன் செய்தார், கரையில் கறுப்பாக வந்துகொண்டிருக்கிறது என்று. அன்றைக்கு அலையாத்தி மரங்களின் வேர்களைத் துடைத்த கைகளில் என்னுடையவையும் இருந்தன. அதிலிருந்து, காற்று எண்ணை எழுதியதுமே அதோடு 180 கூட்டி, அம்பு போட்டு, "எண்ணெய் இந்தப் பக்கம்" என்று தமிழில் எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இதேபோல இன்னொன்று நேரம். கணினி மாதிரிகளும் செயற்கைக்கோள் படங்களும் உலகப் பொது நேரத்தில் வரும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். மும்பையில் ஐந்தரை மணி என்பது கிட்டத்தட்ட ஒரு முழு ஏற்றம். கூட்ட மறந்தால் எண்ணெய் நேர் எதிர்ப்பக்கம் போகும்.

ஒரு ஜூலைக் காலை

ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். பௌர்ணமி நாள். வற்றம் 6:10, ஏற்றம் 12:20, அடுத்த வற்றம் 18:30. காலை 7 மணிக்கு, கொலாபா முனைக்குத் தெற்கே பிராங்ஸ் கலங்கரை விளக்கிலிருந்து ஒரு கடல்மைல் தள்ளி, ஒரு கப்பலின் எரிபொருள் தொட்டி கிழிந்துவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று, மேற்கு-தென்மேற்கிலிருந்து 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்). சார்ட் சொல்லும் உச்ச ஓட்டம் 2 நாட் என்று வைத்துக்கொள்வோம்.

ஓட்டம் 7:10க்கு 1 நாட், 8:10க்கு 1.8, 9:10க்கு 2, 10:10க்கு 1.8, 11:10க்கு 1, 12:10க்குப் பூஜ்யம். அடுத்தடுத்த இரண்டின் சராசரியை எடுத்துக் கூட்டினால் 1.4, 1.9, 1.9, 1.4, 0.5. மொத்தம் ஏறத்தாழ 7 கடல்மைல், வடகிழக்கே. காற்றின் பங்கு 20 நாட்டில் நூற்றுக்கு மூன்று, அதாவது 0.6 நாட். ஐந்தேகால் மணி நேரத்துக்கு 3 கடல்மைலுக்குக் கொஞ்சம் மேல், கிழக்கு-வடகிழக்கே. இரண்டு கோட்டையும் ஒன்றன் நுனியில் ஒன்றாக சார்ட்டில் வரைந்தால், முனை எலிஃபண்டா தீவை ஒட்டி வந்து நிற்கும். நேரம் நண்பகல்.

சார்ட்டில் தூரம் அளக்கும்போது ஓரத்திலுள்ள அட்சரேகை அளவையே பயன்படுத்துங்கள். ஒரு நிமிடம் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஒரு கடல்மைல், 1.852 கிலோமீட்டர். தீர்க்கரேகை நிமிடம் மும்பையில் அதைவிடச் சற்றுக் குறைவு.

இப்போது பிற்பகல். வற்றம் ஆறு மணி நேரத்தில் ஏறத்தாழ ஏழரை கடல்மைல் தென்மேற்கே இழுக்கும். ஆனால் காற்று விடாமல் வடகிழக்கே தள்ளுகிறது, அதே நேரத்தில் மூன்றே முக்கால். மிச்சம் நான்கு கடல்மைல்கூட இல்லை. காலையில் பத்து உள்ளே வந்த எண்ணெய், மாலையில் நான்குதான் திரும்புகிறது. ஜூலையில் உள்ளே வந்தது வெளியே போகாது என்பதைத் துறைமுகக் கூட்டங்களில் நான் கத்திச் சொல்லும் காரணம் இந்தக் கழித்தல் கணக்குதான். இதே விபத்து டிசம்பரில் நடந்தால் காற்று மெலிது. காலையில் கரையிலிருந்து, பிற்பகலில் வடமேற்கிலிருந்து. எண்ணெய் ஓதத்தோடு போய் ஓதத்தோடு கிட்டத்தட்ட தொடங்கிய இடத்துக்கே வரும், மெல்லத் தெற்குக் கரையில் மாண்ட்வா, ரேவஸ் பக்கம் ஒதுங்கும். டிசம்பரில் நமக்கு ஒரு நாள் அவகாசம் கிடைக்கலாம். ஜூலையில் ஐந்து மணி நேரம்.

2010 ஆகஸ்ட் 7 அன்று எம்.எஸ்.சி. சித்ரா, கலிஜியா-3 என்ற இரண்டு கப்பல்கள் துறைமுக வாய்க்கு அருகே மோதியபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எண்ணெய் எலிஃபண்டாவுக்கும் உரணுக்கும் அலிபாக் பக்கமும் போனது. எண்ணெயோடு சரக்குப் பெட்டகங்களும் மிதந்தன, பூச்சிமருந்து ஏற்றியவையும் அவற்றில் இருந்தன. கப்பல் போக்குவரத்து நாட்கணக்கில் நின்றது. அடுத்த ஆண்டு அதே ஆகஸ்டில், 4ஆம் தேதி, எம்.வி. ராக் என்ற நிலக்கரிக் கப்பல் மும்பையிலிருந்து இருபது கடல்மைல் தள்ளி மூழ்கியது. 20 நாட் காற்று என்றால் 0.6 நாட், இருபது கடல்மைலுக்கு முப்பத்து மூன்று மணி நேரம். சில நாட்களில் ஜுஹு மணலில் எண்ணெய் வந்தது. வெளிக்கடலில் ஓதம் முன்னும் பின்னுமாய் ஆட்டிவிட்டுப் போகும், காற்றுதான் கரைக்குக் கொண்டுவரும் என்று அந்த இரண்டாம் விபத்தில் புரிந்துகொண்டேன்.

கணக்கு முடிந்ததும் ஒரு புள்ளியை மட்டும் குறித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். காற்றுப் பங்கு நூற்றில் ஒன்றாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். கழிமுகத்துக்குள் போகப் போக ஓட்டம் குறையும். கனமழை பெய்திருந்தால் ஆற்று நீர் சேர்ந்து வற்றம் நீளும். நான் கடந்த தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆரமாக வைத்து ஒரு வட்டம் போடுவேன். மேலே சொன்ன கணக்கில் அது மூன்று கடல்மைல். எலிஃபண்டாவும் ஜவஹர் தீவும் நாவா பக்கமும் அதற்குள் வந்துவிடும். அந்த வட்டத்துக்குள் அலையாத்தி எங்கே, சேற்றுத்தரை எங்கே, மீனவர் வலைக்கம்பு நட்ட இடம் எங்கே என்று பார்த்து, அங்கே முதலில் ஆள் அனுப்புவேன். வெறும் பாறைக்கரைக்குக் கடைசியில்.

பௌர்ணமியை ஒட்டி வரும் உச்சப் பெருநீர் ஏற்றத்தில் அலையாத்திக்குள் எண்ணெய் புகுந்தால் இன்னொரு கொடுமை இருக்கிறது. அன்றைய நீர் போகிற உயரத்துக்கு மறுநாள், அதற்கடுத்த நாள் நீர் போகாது. சுவாச வேர்கள்மேல் படிந்த எண்ணெயை அடுத்த பெருநீர் வரும் வரை, ஏறத்தாழ இரண்டு வாரம், கடல் தொட்டுக்கூடப் பார்க்காது. மரம் மூச்சுவிடும் துளைகள் அடைபட்டுக் கிடக்கும். அதனால் நாளுக்கு நாள் ஏற்றம் கூடுகிற நாட்களில் ஒரு கணக்கு, குறைகிற நாட்களில் ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சப் பெருநீருக்கு மறுநாள் விபத்து என்றால் அலையாத்திக்கு மற்ற எல்லாவற்றையும்விட முன்னுரிமை.

பூம் போடுகிறவருக்குப் புரியும்படி

மிதவைத் தடுப்பான பூமுக்குக் குறுக்கே 0.7 நாட்டுக்கு மேல் ஓட்டம் இருந்தால், எண்ணெய் அதன் அடியில் நழுவிப் போய்விடும். 2 நாட் ஓடும் வாய்க்காலில் குறுக்கே கட்டினால் வெறும் வேலை. ஓட்டத்துக்கு இருபது பாகைச் சாய்வில் கட்டி, எண்ணெயை ஓட்டம் குறைந்த ஓரத்துக்கு ஒதுக்க வேண்டும். அல்லது நீர் திரும்பும் நேரத்தைப் பயன்படுத்த வேண்டும். மேலே போட்ட கணக்கில், ஓட்டம் 11:30க்கு மேல்தான் 0.7க்குக் கீழே இறங்கும், ஒரு மணி வாக்கில் மறுபடி ஏறும். ஆகவே நான் கிடங்குக்கு அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்: "எலிஃபண்டா மேற்குக் கரை. 11 மணிக்குப் படகு அங்கே இருக்கணும். பூம் கட்ட நேரம் 11:30லிருந்து 1 மணி வரை. அதுக்கப்புறம் தண்ணி தென்மேற்கே இழுக்கும், நங்கூரத்தை அந்தப் பக்கம் போடுங்க." முன்கணிப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

கணினி மாதிரி வந்த பிறகு

ஹைதராபாத்தில் உள்ள அரசுக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ், எண்ணெய்க் கசிவுக்கென்றே ஓர் இணையவழி அறிவிப்பு வைத்திருக்கிறது. இடம், நேரம், எண்ணெய் வகை, அளவு கொடுத்தால் பாதையைக் கணித்துத் தரும். கடலில் நடக்கும் எண்ணெய் அகற்றும் பணியைத் தேசியத் திட்டத்தின்படி ஒருங்கிணைப்பது கடலோரக் காவல்படை, துறைமுக எல்லைக்குள் துறைமுகமே முதலில் இறங்க வேண்டும். அவர்களுக்குத் தகவல் போயிருக்கிறதா என்பதை உங்கள் கணக்கைத் தொடங்கும் முன்பே உறுதி செய்யுங்கள்.

இன்காய்ஸ் பயன்படுத்தும் க்னோம் என்ற கணினி மாதிரி, அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா உருவாக்கியது. வெப்க்னோம் என்ற பெயரில் உலாவியிலேயே இலவசமாக ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழகிக்கொள்ளலாம். எண்ணெயை நூற்றுக்கணக்கான துளிப்புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓட்டத்திலும் காற்றிலும் விட்டு, கொஞ்சம் தற்செயல் சிதறலும் சேர்த்து நகர்த்தும். காற்றுப் பங்கை நூற்றில் 1 முதல் 4 வரை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளும். முடிவில் கறுப்புப் புள்ளிகள் சிறந்த ஊகம். சிவப்புப் புள்ளிகள், காற்றும் ஓட்டமும் ஊகத்திலிருந்து விலகினால் எண்ணெய் போகக்கூடிய தூரம். கறுப்பை மட்டும் பார்த்து ஆள் அனுப்புபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிவப்பு தொடும் இடத்தில் அலையாத்தி இருந்தால் அங்கேயும் ஒரு படகு நிற்க வேண்டும்.

மாதிரிக்கு எந்த நீரோட்டத்தை ஊட்டுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். உலகக் கடல் முழுவதற்குமான ஹைகாம் போன்ற நீரோட்ட மாதிரிகளின் கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். மும்பைத் துறைமுக வாயே ஒன்றிரண்டு கட்டத்தில் முடிந்துவிடும். வெளிக்கடலுக்கு அது உதவும். மேற்குக் கரையோர நீரோட்டம் பருவமழைக் காலத்தில் தெற்கே, நவம்பருக்குப் பிறகு வடக்கே என்று திரும்புவதை அது காட்டும். 2025 மே 25 அன்று கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா-3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் தெற்கே திருவனந்தபுரம் தாண்டிக் கன்னியாகுமரி வரை வந்ததற்குத் தெற்கே ஓடிய அந்த ஓட்டமும் ஒரு காரணம். ஊரிலிருந்து அத்தை மகள் ஒரு பிடிக் குருணையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். ஆனால் எலிஃபண்டாவுக்கும் சிவ்ரிக்கும் இடையில் என்ன நடக்கும் என்று அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. துறைமுகத்துக்குள் உங்கள் பென்சில் கணக்கும் கணினியும் முரண்பட்டால், கணினிக்குள் ஓதம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கண்ணால் திருத்துவது

ஒவ்வொரு முறை நீர் திரும்பும்போதும் பழைய கணக்கை மூடிவிட்டு, எண்ணெய் உண்மையில் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். ராடார் செயற்கைக்கோள் மேகத்துக்குள்ளும் பார்க்கும், ஆனால் பருவக்காற்று பலமாக இருந்தால் கடல் முழுக்கக் கலங்கித் தெரியும், காற்றே இல்லாவிட்டாலும் எண்ணெயைப் பிரித்தறிய முடியாது. கண்தான் துணை. ஜூனும் ஜூலையும் மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், கடலில் கோலிப் படகுகள் குறைவு. அந்த மாதங்களில் பைலட் படகுக்காரர்களையும் ஃபெர்ரிக்காரர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறத்தைச் சொல்லச் சொல்லுங்கள். வெள்ளிப் பளபளப்பு என்றால் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாத படலம். வானவில் நிறம் அதிலிருந்து 5 மைக்ரான் வரை. உலோக மினுமினுப்பு 50 வரை. எண்ணெயின் சொந்தக் கறுப்பு தெரிந்தால் அதற்கும் மேல். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மைக்ரான் படலம் என்பது ஆயிரம் லிட்டர். இந்த ஒரு கணக்கு தெரிந்தால், பெரிதாகப் பரவிய வானவில்லைத் துரத்திப் போகாமல், சிறிய கறுப்புத் திட்டுக்குப் படகை அனுப்புவீர்கள். ஆற்று நீரும் கடல் நீரும் சந்திக்கும் இடத்தில் நுரையும் குப்பையும் நீளக்கோடாக ஒதுங்கியிருக்கும். கறுப்பு பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் கூடும்.

எண்ணெய் எங்கே என்று தெரியாத நேரத்தில் ஓட்டத்தை மட்டும் பார்க்க, தோல் உரிக்காத ஆரஞ்சுப் பழங்களை விடுவோம். பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதிகம் பிடிக்காது, நிறம் தூரத்திலிருந்தே தெரியும். மட்டையோடு தேங்காய் உயரமாக மிதக்கும், காற்றோடு ஓடிவிடும். ஆனால் நாரளி பௌர்ணமி அன்று கோலிகள் கடலுக்குத் தேங்காய் விட்ட மறுநாள், எந்தெந்தக் கரையில் எத்தனை காய் ஒதுங்கியிருக்கிறது என்று நான் வருடாவருடம் நடந்து பார்க்கிறேன். ஆகஸ்ட் காற்றில் மிதப்பது எங்கே போய்ச் சேரும் என்று அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. ஒரு மூத்த தண்டேல் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "தாயி, இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் சிறுவயதிலிருந்து பார்த்த மூன்று இடங்களைத் தானே சேர்த்துச் சொன்னார். அந்த மூன்றும் இப்போது எங்கள் சார்ட்டில் பென்சில் வட்டமாக இருக்கின்றன.

மாலை 6:30க்கு நீர் மறுபடி திரும்பும். இரவு ஷிஃப்ட்காரரிடம் தாளைக் கொடுக்கும்போது இவை இருக்க வேண்டும்: கடைசியாகக் கண்ணால் பார்த்த இடமும் நேரமும் நிறமும், பார்த்தவர் யார், காற்று எங்கிருந்து, எத்தனை நாட், அதற்குப் பக்கத்தில் அந்த அம்பு, நள்ளிரவு ஏற்றம் எத்தனை மணிக்கு, அந்த நேரத்துக்கு எந்தக் கரை, அங்கே யார் நிற்கிறார்கள், அவர்களுக்குச் சாப்பாடு போயிற்றா.